கன்றைக் கொன்றது யார்?

தலைவர்கள் பிறந்தநாள் வருகிறது. கொடியேற்றுகிறோம், இனிப்பு வழங்குகிறோம், பள்ளிப் பிள்ளைகளுக்குக் குறிப்பேடு கொடுக்கிறோம். அத்துடன் மரக்கன்றும் நடுகிறோம். நல்ல வழக்கம்! வெயில் வாட்டும் விருதுநகர்ச் சீமையிலே, நிழல் தேடி நெடுந்தூரம் நடக்க வேண்டிய சிவகாசிச் சாலைகளிலே, ஒரு வேம்பும் ஒரு புங்கனும் நட்டு வைப்பது பொன் கொடுப்பதற்கு ஒப்பான செயல். கைதட்டல் எழுகிறது. நிழற்படம் எடுக்கப்படுகிறது. மறுநாள் ஏட்டிலே செய்தி வருகிறது.

ஆனால் தோழர்களே, ஆறு திங்கள் கழித்து அந்தக் குழிப்பக்கம் சென்று பார்த்ததுண்டா? கம்பிக்கூண்டு நிற்கும், கன்று நிற்காது! பெயர்ப்பலகை இருக்கும், பெயருக்குரிய மரம் இருக்காது! "என்ன ஆயிற்று?" என்று கேட்டால், "பட்டுப்போயிற்று" என்று ஒரே சொல்லில் பதில் வரும். எதனால் பட்டது? யாரும் கேட்பதில்லை. மனிதன் செத்தால் காரணம் கேட்கிறோம். மாடு செத்தால் மருத்துவரை அழைக்கிறோம். கன்று செத்தால் மட்டும், அடுத்த ஆண்டு அதே குழியில் அடுத்த கன்றை நட்டுவிட்டு அகன்று விடுகிறோம்.

அந்தக் கன்று தானாகச் சாகவில்லை, கொல்லப்பட்டது. கொன்றவன் யார் என்பது அதன் உடம்பிலேயே எழுதியிருக்கிறது. படிக்கத் தெரிந்தால் அடுத்த கன்றைக் காப்பாற்றலாம். இதைத்தான் இன்று சொல்ல விழைகிறோம்.

"வயிற்றுப்பாட்டைப் பேசாமல் செடிகொடியைப் பேசுகிறீர்களே!" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். இதுவும் வயிற்றுப்பாடுதான். ஒரு கணக்குச் சொல்கிறோம், கேளுங்கள். பாசன மிளகாய் ஒரு எக்டேர் நட, ஏறத்தாழ 1 கிலோ விதையும் 100 சதுர மீட்டர் நாற்றங்காலும் போதும். அதாவது 10,000 சதுர மீட்டர் நிலத்தின் விளைச்சல், வாங்கிய கடன், கட்ட வேண்டிய வட்டி, நம்பியிருக்கும் கூலி, அத்தனையும் இரண்டரை செண்ட் நாற்றங்காலிலே அடங்கியிருக்கிறது! அந்த இரண்டரை செண்டிலே ஒரே வாரத்தில் நாற்று மடிந்தால், அந்தப் பருவமே மடிந்தது. விருதுநகர் வத்தல் வணிகத்துக்குப் பேர்போன ஊர். அந்த வத்தல் மூட்டைக்குப் பின்னே, விரற்கடை உயரமுள்ள ஒரு நாற்றின் தண்டு நிற்கிறது. அது சாய்ந்தால் எல்லாம் சாயும்.

எங்கே சாய்கிறது? தண்டும் வேரும் கூடுகின்ற இடத்தில், மண்மட்டத்தில் சாய்கிறது. அதைத்தான் செடியின் கழுத்து என்கிறார்கள். கீழிருந்து நீரும், மேலிருந்து இலை சமைத்த உணவும் அந்தக் கழுத்து வழியாகத்தான் போக வேண்டும். மனிதனுக்குக் கழுத்து எப்படியோ, அப்படித்தான் செடிக்கும். நெரித்தால் மூச்சு நிற்கும்.

நாற்றின் கழுத்தை நெரிப்பவர்களில் முதல்வன் ஒரு பூசணம். பித்தியம் என்பது அதன் பெயர். கண்ணுக்குத் தெரியாது; மண்ணிலேயே கிடக்கும்; தண்ணீர் தேங்கும் வரை தருணம் பார்த்திருக்கும். மண்துகள்களுக்கு இடையே நீர் நிறைந்தால், வால் முளைத்த நுண்வித்துகளை வெளியே அனுப்பும். அவை நீரிலே நீந்திச் சென்று இளந்தண்டைப் பற்றும். தண்டு வெந்ததுபோல் நைந்து, நீர்கோத்து, நிறம் மாறி, ஒடிந்து விழும். காலையில் பச்சையாக நின்ற நாற்று மாலையில் படுத்துக் கிடக்கும். ஓரிடத்தில் தொடங்கி வட்டம் வட்டமாகப் பரவும். இதுவே நாற்றழுகல். சில வேளைகளில் முளை மண்ணுக்கு மேலே வருமுன்பே மாண்டுவிடும். அப்போது நாம் என்ன சொல்கிறோம்? "விதை சொத்தை, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்" என்கிறோம்! விதையும் நன்று, விற்றவனும் நன்று, நாம் விட்ட தண்ணீர்தான் நஞ்சாயிற்று என்பது பல நேரங்களில் உண்மை.

விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதியளவு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்திலே கொட்டிவிடுகிறது. "வறண்ட பூமி, இங்கே அழுகல் ஏது?" என்று எண்ணி ஏமாறுவது அதனால்தான். கரிசல் மண்ணின் குணம் நமக்குத் தெரியாததா? கோடையில் வெடிக்கும்; மழையில் குழையும்; குடித்த நீரை எளிதில் விடாது. பத்துத் திங்கள் தண்ணீருக்குத் தவித்த தோட்டம், இரண்டு திங்களிலே தண்ணீரால் அழுகுகிறது.

இதைச் சிவகாசித் தொழிலாளிக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தீப்பெட்டியும் பட்டாசும் இந்த மண்ணில் வேரூன்றியதற்குக் காரணங்களில் ஒன்று வறண்ட காற்று. குச்சியில் ஈரம் ஏறினால் பற்றாது, திரியில் ஈரம் ஏறினால் வெடிக்காது, மேகம் திரண்டால் காயவைத்ததை அள்ள வேண்டும் என்பதெல்லாம் அவன் கை அறிந்த பாடம். ஈரத்தை இவ்வளவு நுட்பமாக அறிந்த அந்தத் தோழன், வீட்டுக்குப் பின்னால் போட்ட கத்தரிப் பாத்தியிலே மட்டும் காலை ஒரு குடம், மாலை ஒரு குடம் என்று ஊற்றுவது ஏன்? அன்பினால்தான்! ஆனால் அளவறியாத அன்பு அழுகலுக்கு அழைப்பு ஆகிவிடுகிறது.

இனி, கொலையாளி ஒருவன் அல்லன், பலர் என்பதையும் அறிய வேண்டும். ஆளுக்கு ஓர் அடையாளம் உண்டு.

செத்த செடியை மெல்லப் பிடுங்குங்கள். கழுத்தைச் சுற்றி வெண்பஞ்சு நூல்போல் படர்ந்து, அதிலே கடுகு கடுகாய்ப் பழுப்பு மணிகள் ஒட்டியிருந்தால், அது ஸ்கிளிரோசியம் என்னும் பூசணம். நிலக்கடலையில் தண்டழுகலை உண்டாக்குபவன் இவனே. அந்தக் கடுகுமணிகள் மண்ணிலே ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடந்து மீண்டும் எழும். ஆகவே செத்த செடியைப் பிடுங்கி வரப்பிலே வீசுவது, பகைவனின் விதையை நாமே விதைப்பதாகும். மண்ணோடு சேர்த்து எடுத்து எரித்துவிட வேண்டும்.

தண்டின் அடிப்பகுதி சாம்பல் பூத்து, பட்டை நார்நாராக உரிந்து, உள்ளே கரித்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள் தெரிந்தால், அது வறட்சியிலும் வெப்பத்திலும் தாக்குகிற வேறொரு பூசணம்; மேக்ரோபோமினா என்பர். ஈரத்தில் கொல்பவன் ஒருவன். காய்ச்சலில் கொல்பவன் இவன். நமது மாவட்டத்தில் இருவருக்கும் வேலை உண்டு!

கத்தரியோ தக்காளியோ இலை பச்சையாக இருக்கும்போதே திடீரென்று துவண்டால், தண்டின் அடியை அறுத்து, கண்ணாடிக் குவளையில் தெளிந்த நீரை ஊற்றி, வெட்டுமுனை நீரில் படும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால்போல் ஓர் இழை இறங்கினால், அது நுண்ணுயிரால் வந்த வாடல். பூசண மருந்து அதற்குப் பயன்படாது. பணம்தான் பாழ்.

பருத்தியிலே மண்மட்டத்துக்குச் சற்று மேலே தண்டு கரணைபோல் வீங்கி, காற்றடித்தால் அவ்விடத்திலே முறிந்தால், அது பூசணமே அன்று, தண்டுக் கூன்வண்டு. முட்டையிலிருந்து வந்த புழு பட்டைக்குள்ளே புகுந்து குடைகிறது. தண்டிலே துளையும், துளைவாயில் மரத்தூளும் கண்டால் அது தண்டுதுளைப்பான். தண்டின் மேல் மண்பூச்சு ஏறியிருந்தால் கறையான்.

இத்தனையும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒன்றுக்கு மருந்தாவது இன்னொன்றுக்கு நஞ்சாகும். பருத்திச் செடிக்கு அடியில் மண் அணைப்பது கூன்வண்டுக்குத் தடை. அதே போல மரக்கன்றின் கழுத்தை மூடி மண்ணைக் குவித்தால், ஈரம் தங்கிப் பட்டை அழுகும்! செயல் ஒன்றே, ஒரு செடி பிழைக்கிறது, இன்னொன்று சாகிறது. நோய் இன்னதென்று அறியாமல் மருந்து வாங்குவது, முகவரி எழுதாமல் கடிதம் போடுவதற்கு ஒப்பாகும்.

"எல்லாம் கண்ணேறு! கொள்ளிக்கண் பட்டுவிட்டது" என்று சொல்லி, கரிபூசிய பானையைக் கட்டித் தொங்கவிடுவோர் இன்றும் உண்டு. அவர்களைப் பார்த்து நகைக்க வேண்டாம். வரலாறு ஒன்றைச் சொல்லுங்கள். 1845ஆம் ஆண்டு. அயர்லாந்து நாடு. ஏழை உழவனுக்கு உருளைக்கிழங்கு ஒன்றே உணவு. அந்தச் செடியின் இலையும் தண்டும் கறுத்தன; கிழங்கு மண்ணுக்குள்ளேயே நாறியது. ஆண்டவன் சீற்றம் என்றனர் சிலர். புதிதாக ஓடத் தொடங்கிய புகைவண்டியால் காற்றிலே மின்சாரம் பரவிவிட்டது என்றனர் வேறு சிலர்! ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருக்கையில், பட்டினியாலும் பட்டினியைத் தொடர்ந்த நோயாலும் மாண்டவர்கள் ஏறத்தாழ 10 இலட்சம் பேர்! கப்பலேறி நாட்டைவிட்டே போனவர்கள் இன்னும் பல இலட்சம் பேர். வேறு தானியங்கள் அப்போதும் அந்நாட்டிலிருந்து ஏற்றுமதியாகிக் கொண்டிருந்தன என்பதையும் தொழிலாளித் தோழர்கள் மறக்கக் கூடாது.

அந்த இருட்டிலே உண்மையைச் சொன்னவர் யார் தெரியுமா? பெர்க்லி என்னும் ஆங்கிலேயப் பாதிரியார்! 1846இல், உருப்பெருக்கியில் கண்ட பூசணமே நோய்க்குக் காரணம், அழுகியபின் வந்து சேர்ந்ததன்று என எழுதினார். அறிஞர் பலர் ஏற்கவில்லை. 1861இல் ஜெர்மன் நாட்டு அறிஞர் டி பேரி ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பித்துக் காட்டினார். சமயப் பணியாளரே ஆனாலும், செடி ஏன் செத்தது என்று அறிய வானத்தைப் பார்க்கவில்லை பெர்க்லி, செடியைப் பார்த்தார். அந்தப் பார்வை நமக்கு வேண்டாமா?

மருந்து பிறந்த கதையும் சுவையானது. பிரெஞ்சு நாட்டுப் போர்தோ வட்டாரத்திலே, வழிப்போக்கர் பழம் பறிக்காமல் இருப்பதற்காக, சாலையோரத் திராட்சைக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்து வைத்திருந்தார்கள். உள்ளே இருந்த கொடிகள் பூசணத்தால் உதிர்ந்தன. சாலையோரக் கொடிகள் மட்டும் செழித்து நின்றன! 1882இல் இதைக் கண்ணுற்ற மில்லார்டே என்னும் பேராசிரியர் ஆய்ந்து, 1885இல் அந்தக் கலவையை உலகுக்கு அறிவித்தார். அதுவே போர்தோக் கலவை. திருடனுக்காகத் தெளித்தது, தோட்டத்தையே காத்தது!

அதை நம் வீட்டிலேயே செய்யலாம். 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ நீற்றாத சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர் என்பது அளவு. சிறு தோட்டத்துக்கு லிட்டருக்கு 10 கிராம் துத்தம், 10 கிராம் சுண்ணாம்பு. இரண்டையும் பாதிப்பாதி நீரில் தனித்தனியே கரைத்து வடிகட்டி, துத்த நீரைச் சுண்ணாம்பு நீரிலே ஊற்றிக் கலக்க வேண்டும். மண்பானையோ பிளாஸ்டிக் வாளியோ கொள்ளலாம்; இரும்புப் பாத்திரம் ஆகாது. துலக்கிய கத்தியைச் சிறிது நேரம் முக்கி எடுங்கள். செம்பு படிந்து சிவந்தால் செடியைச் சுடும். இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். கலந்த அன்றே பயன்படுத்திவிட வேண்டும். மரக்கன்றின் கழுத்திலே அழுகல் தொடங்கினால், நைந்த பட்டையைச் சுரண்டி எடுத்துவிட்டு, இக்கலவையை அடியிலே ஊற்றலாம். துத்தம் நஞ்சு என்பதை மறவாமல், குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

இங்கே சிவகாசித் தோழர்களுக்கு ஓர் எச்சரிக்கை. உங்கள் ஊரிலே "மருந்து" என்ற சொல்லுக்குப் பொருள் வேறு. திரியோடு சேர்வது மருந்து. குழாய்க்குள் செல்வது மருந்து. கந்தகம் பயிர்நோய்க்கும் உதவுவதுதான், வெடியுப்பு பயிருக்கு உரமாவதும் உண்மைதான். அதற்காகத் தொழிற்சாலைக் கழிவையோ சிந்திய கலவையையோ செடிக்கென்று வீட்டுக்குக் கொண்டுவர எண்ணாதீர்கள். பட்டாசு மருந்து பயிர்மருந்து ஆகாது! ஒரு கன்றைக் காக்கப் போய்க் குடும்பத்தையே பறிகொடுக்கும் பேதைமை வேண்டாம்.

மருந்தைவிட மேலானது முன்காப்பு. அதற்குப் பணமும் அதிகம் வேண்டாம். சித்திரை, வைகாசி வெயில் நமக்கு இலவசமாகக் கிடைக்கிறது. அந்த வெயிலையே வேலைக்காரனாக்குங்கள்! நாற்றங்கால் மண்ணைக் கிளறி, நனைத்து, நிறமற்ற பிளாஸ்டிக் தாளால் இறுக மூடி, நான்கு முதல் ஆறு வாரம் விட்டுவிட்டால், உள்ளே ஏறும் சூட்டில் பூசணங்களில் பெரும்பங்கு வெந்துபோகும். பாத்தியைத் தரையிலிருந்து அரையடி உயர்த்துங்கள். விதையை நெருக்கி விதைக்காதீர்கள். நெருக்கத்தில் காற்றில்லை, காற்றில்லாத இடத்தில் ஈரம் காயாது. மட்காத சாணத்தைக் கொட்டாதீர்கள். காலையில் தண்ணீர் விடுங்கள். மாலைக்குள் மேல்மண் காய வேண்டும். முதல் இரண்டு, மூன்று வாரமே கண்டம். தண்டு தடித்து முற்றிவிட்டால் பித்தியத்தின் பல் அதில் எளிதில் பதியாது.

டிரைக்கோடெர்மா என்னும் நல்ல பூசணம் ஒன்றும் உண்டு. கெட்ட பூசணத்தைத் தின்று நம் செடியைக் காக்கும் தோழன் அது. கிலோ விதைக்கு 4 கிராம் கலந்து விதைக்கலாம். தொழுவுரத்தில் கலந்து மண்ணிலும் இடலாம். ஆனால் செம்பு மருந்தையும் அதையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் இடாதீர்கள். பகைவனைச் சுடும் மருந்து, தோழனையும் சுட்டுவிடும். அழுகல் தொடங்கிவிட்ட நாற்றங்காலுக்கு, லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கரைத்து, சதுர மீட்டருக்கு 4 லிட்டர் வீதம் மண் நனைய ஊற்ற வேண்டும்.

மரக்கன்று நடுவோர்க்கும் சில சொற்கள். பிளாஸ்டிக் உறையைக் கிழித்தெறிந்துவிட்டு நடுங்கள். உறையோடு புதைப்பது கன்றைச் சிறையோடு புதைப்பது. பையில் எந்த மட்டத்தில் கழுத்து இருந்ததோ, குழியிலும் அதே மட்டத்தில் இருக்கட்டும். ஆழப் புதைத்தால் பலம் என்பது தவறான எண்ணம். கன்றின் அடி சற்று மேடாகவும், தண்ணீர்ப் பாத்தி ஒரு சாண் தள்ளி வட்டமாகவும் இருக்கட்டும். ஊன்றுகோலில் கட்டும் கயிறு தளர்வாக இருக்கட்டும். இறுகக் கட்டிய கயிறு, தண்டு பெருக்கப் பெருக்கத் தோலை அறுத்து உள்ளே இறங்கும். அந்தக் காயத்தின் வழியே பூசணம் புகும். கம்பிக்கூண்டு உரசாமலும் பாருங்கள்.

ஆட்சியாளர்க்கும் சொல்ல வேண்டியது உண்டு. தமிழ்நாட்டில் காட்டுப்பரப்பும் மரப்பரப்பும் சேர்ந்து 33 விழுக்காடு ஆக வேண்டுமென்று, 2022 செப்டம்பர் 24 அன்று பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பட்டது. குறிக்கோள் பெரிது, வரவேற்கிறோம். ஆனால் எந்த மரம்நடு திட்டமானாலும், எந்தக் கட்சி ஆண்டாலும், கணக்கு எழுதும் முறை மாற வேண்டும். "இத்தனை இலட்சம் கன்று நட்டோம்" என்பது செலவுக் கணக்கு. "மூன்று கோடை கடந்து இத்தனை நிற்கின்றன" என்பதே வரவுக் கணக்கு. வரவைக் காட்டாமல் செலவை மட்டும் காட்டும் கணக்கப்பிள்ளையை எந்தக் கடையிலாவது வைத்துக்கொள்வார்களா? நாற்றங்காலிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு கன்றின் கழுத்தையும் பார்த்த பின்பே வழங்க வேண்டும். நோயுற்ற கன்றை ஊர் ஊராக வழங்குவது, நோயை ஊர் ஊராக வழங்குவதாகும்.

அருப்புக்கோட்டைக்கு அருகே கோவிலாங்குளத்தில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. திருவில்லிபுத்தூரில் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கிருப்போர் மக்கள் வரிப்பணத்தில் மக்களுக்காக அமர்த்தப்பட்டவர்கள். தயங்காமல் செல்லுங்கள். செத்த செடியை அன்று, சாகிற செடியை வேரோடும் மண்ணோடும் காகிதத்தில் சுற்றி எடுத்துச் சென்று காட்டுங்கள். முற்றும் அழுகியதில் பின்னால் வந்த பூசணங்கள் குடியேறிவிடும். முதற் குற்றவாளி மறைந்துவிடுவான். வேலையை விட்டுவிட்டு அலைய முடியாத தொழிலாளிக்காக, ஒன்றியந்தோறும் திங்களுக்கொரு நாள் சந்தையன்று செடி பார்க்கும் முகாம் நடத்த வேண்டுமென நாம் கேட்கிறோம். கோடிகள் வேண்டா; ஒரு மேசை, ஓர் உருப்பெருக்கி, ஓர் அலுவலர் போதும்.

அதுவரை நம் கிளைகள் செய்யக்கூடியது என்ன? நடும் கன்றுக்கு ஒரு பதிவேடு வையுங்கள். என்று நட்டோம், எது நட்டோம், யார் பொறுப்பு என எழுதுங்கள். திங்களுக்கு ஒருமுறை கழுத்தைத் தொட்டுப் பாருங்கள். நகத்தால் பட்டையை இலேசாகக் கீறினால் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்புத் தெரிந்தால் அவ்விடம் செத்துவிட்டது. இன்னும் சற்றுக் கீழே கீறிப் பாருங்கள். பச்சை எங்கே தொடங்குகிறதோ அதற்கு மேலே உள்ளதை வெட்டி, வெட்டுவாயில் போர்தோப் பசை பூசுங்கள். பல கன்றுகள் அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும்.

நூறு நட்டு நான்கு பிழைப்பதைவிட, பத்து நட்டுப் பத்தும் பிழைக்கச் செய்வதே பெருமை. வரும் பிறந்தநாளில் மேடையேறும் தோழர்களை, "இவ்வாண்டு எத்தனை கன்று நட்டீர்கள்?" என்று கேட்காதீர்கள். "சென்ற ஆண்டு நட்டதில் எத்தனை நிற்கிறது? நிற்காதது எதனால் நிற்கவில்லை?" என்று கேளுங்கள்!